முதல் காரில் சரியாக வந்தது இரண்டாவது காருக்கும் சரியா? ஒரு சூப்பர்சார்ஜர் கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஏற்கெனவே ஒரு மஸ்டாங் ஜிடி இருக்கிறது. 5 லிட்டர் வி8 இன்ஜின். அதில் சென்ட்ரிஃபியூகல் வகை சூப்பர்சார்ஜர் (பெல்ட்டால் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) பொருத்தி, தொந்தரவில்லாமல் ஓட்டி வருகிறீர்கள். இப்போது இரண்டாவது காராக 2003-ம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியிருக்கிறீர்கள்: 1.8 லிட்டர், ஆறு கியர், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. விடுமுறை நாட்களில் மலைப்பாதையில் ஓட்டுவதற்காக. முதல் காரில் நன்றாக வேலை செய்த அதே வகையின் சின்ன அளவை இதற்கும் வாங்கலாமா, இல்லை ரூட்ஸ் என்ற இன்னொரு வகைக்குப் போகலாமா, எத்தனை பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், வைக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

நேரடியாகவே சொல்கிறேன். அதே வகை வேண்டாம். நீங்கள் ஓட்டப்போகும் விதத்துக்கு ஈட்டன் நிறுவனத்தின் எம்62 அளவிலான ரூட்ஸ் வகையோ, அதற்கு அடுத்த தலைமுறையான டிவிஎஸ் வகையில் சிறிய ஒன்றோ எடுங்கள். கண்டிப்பாக இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் பகுதி) வேண்டும். பூஸ்ட் 6 பிஎஸ்ஐ போதும். ஆனால் கிட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் இன்ஜினைச் சோதித்துவிடுங்கள். அந்தச் சோதனையின் முடிவு என் பதிலையே மாற்றிவிடலாம்.

மஸ்டாங்கில் ஏன் சென்ட்ரிஃபியூகல் அவ்வளவு நன்றாக அமைந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். சென்ட்ரிஃபியூகல் என்பது டர்போவின் காற்றுப் பக்கத்தைக் கழற்றி, புகைக்குப் பதிலாக பெல்ட்டால் சுற்றவைத்த மாதிரி. அது தரும் பூஸ்ட் ஏறத்தாழ சுற்றும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 7,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 8 பிஎஸ்ஐ தருகிற கிட், 3,500-ல் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐதான் தரும். உங்கள் வி8-க்கு இது குறையே இல்லை. அந்த இன்ஜின் தானாகவே 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் டார்க் (சுழற்றும் விசை) தருகிறது. கீழ் ஆர்பிஎம்மில் அதற்கு உதவி தேவையில்லை. சொல்லப்போனால், கீழேயே பூஸ்ட் முழுதாக வந்திருந்தால் பின் சக்கரம் வழுக்கிக்கொண்டே இருந்திருக்கும். மேலே போகப் போகக் கூடும் பூஸ்ட் அந்தக் காருக்குப் பொருத்தமான துணை.

எம்எக்ஸ்-5 வேறு பிறவி. சுமார் 140 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் மேல் ஆர்பிஎம்மில்தான் உயிர்பெறும். மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவை விட்டு வெளியே வரும்போது இரண்டாவது கியரிலோ மூன்றாவது கியரிலோ 3,000 ஆர்பிஎம் பக்கத்தில் இருப்பீர்கள். உதவி வேண்டியது அங்கேதான், சென்ட்ரிஃபியூகல் அங்கே பெரிதாக ஒன்றும் தராது. பூஸ்ட் வரும் நேரத்தில் அடுத்த வளைவு வந்திருக்கும். ரூட்ஸ் வகை அப்படியல்ல. ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். 2,500 ஆர்பிஎம்மிலேயே பூஸ்டின் பெரும்பகுதி வந்துவிடும். இன்ஜின் 1.8 லிட்டர் என்பதே மறந்துபோகும், ஏதோ 2.4 லிட்டர் இன்ஜினை ஓட்டுவது போல இருக்கும். முதல் முறை அப்படி ஒரு சின்னக் காரை ஓட்டியபோது, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் உடனே பதில் வந்த அந்த உணர்வுக்காகவே இந்த விஷயத்தில் இத்தனை வருடம் ஈடுபட்டிருக்கிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இந்தக் காரை மலைப்பாதையை விட்டு ரேஸ் டிராக்கில் ஓட்டப்போகிறீர்கள், எப்போதும் 5,000-க்கு மேலேயே வைத்திருப்பீர்கள் என்றால், ரோட்ரெக்ஸ் போன்ற சின்ன சென்ட்ரிஃபியூகல்தான் நல்லது. அதில் பல்சக்கரத்துக்குப் பதிலாக உருளைகளின் உராய்வால் வேகத்தைப் பெருக்குகிறார்கள்; அதற்கென்றே தனி ஆயில், தனி ஆயில் கூலர். சூடு குறைவு, சத்தம் குறைவு. கீழ் ஆர்பிஎம்மில் டார்க் குறைவாக இருப்பதால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் நிம்மதி. பழைய எம்எக்ஸ்-5 இன்ஜின்களில் முதலில் வளைவது கனெக்டிங் ராடுதான். அதை வளைப்பது மேல் ஆர்பிஎம் குதிரைத்திறனை விட, கீழ் ஆர்பிஎம்மில் திடீரென ஏறும் டார்க்தான். 6 பிஎஸ்ஐயில் ரூட்ஸ் வகைக்கே அந்த ஆபத்து இல்லை. 12 பிஎஸ்ஐ ஆசை வந்தால் நிலைமை வேறு.

அடுத்தது சூடு. விளம்பரங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், பலன் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதும் இதுதான்.

ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை வாங்கியது காருக்காக அல்ல, அப்போது காரே இல்லை. காற்றை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளுவதற்கான ஊதுகருவி அது. இன்றும் அடிப்படை அதேதான்: ரூட்ஸ் வகை காற்றைத் தனக்குள் அமுக்குவதில்லை, வெறுமனே தூக்கிக்கொண்டு போய் மறுபக்கம் கொட்டுகிறது. அங்கே ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் காற்று பின்னோக்கிப் பாய்ந்து மோதும்போதுதான் அமுக்கம் நடக்கிறது. அதனால் வீணாகும் சூடு அதிகம். இரட்டைத் திருகு வகை, அதாவது 1930-களில் சுவீடனின் ஆல்ஃப் லிஷோல்ம் உருவாக்கியது, காற்றை உள்ளுக்குள்ளேயே அமுக்குவதால் சூடு குறைவு. ஈட்டனின் டிவிஎஸ் நான்கு இதழ்களும் 160 பாகை முறுக்கும் கொண்ட, உள்ளே சுழலும் ரோட்டர்களால் பழைய மூன்று இதழ், 60 பாகை முறுக்கு ரோட்டர்களை விட நன்றாக முன்னேறிவிட்டது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெளிக்காற்று 30 டிகிரி. 6 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் அழுத்தம் 1.41 மடங்கு. சூப்பர்சார்ஜரின் திறன் 55 சதவீதம் என்று வைத்தால், வெளியே வரும் காற்று சுமார் 87 டிகிரியில் இருக்கும். திறன் 75 சதவீதமானால் 72 டிகிரி. இன்ஜினுக்குத் தேவை அழுத்தம் அல்ல, காற்றின் எடை. 87 டிகிரிக் காற்றை அப்படியே உள்ளே விட்டால், அழுத்தம் 41 சதவீதம் கூடியும் காற்று கூடுவது சுமார் 19 சதவீதம்தான். அதையே இன்டர்கூலர் வைத்து 45 டிகிரிக்கு இறக்கினால் 30 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும். அதே பூஸ்ட், அதே புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்), பலன் ஒன்றரை மடங்குக்கும் மேல். அதனால் யாராவது "எங்கள் கிட் 8 பிஎஸ்ஐ, இன்டர்கூலர் தேவையில்லை" என்று சொன்னால் அதை வாங்காதீர்கள். இன்டர்கூலருடன் 6 பிஎஸ்ஐ தரும் கிட் அதை விட வேகமாகவும் இருக்கும், இன்ஜினையும் காப்பாற்றும். சூடான காற்றுதான் நாக்கிங்கின், அதாவது சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பதன், முதல் காரணம். உங்கள் இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 10-க்கு 1. அது அந்தக் காலத்தில் பூஸ்டுக்கென்று வடிவமைத்த இன்ஜின்களை விடச் சற்று அதிகம். அதனால் இந்தக் காரில் சூட்டோடு விளையாட இடமில்லை.

சூடு என்றதும் இன்னொன்று. இந்த இன்ஜினின் மூலவடிவம் குறுக்கே படுத்திருக்கும் முன்சக்கரக் கார்களுக்கானது. எம்எக்ஸ்-5-ல் நீளவாக்கில் திருப்பி வைத்தபோது, கூலன்ட் உள்ளே போவதும் வெளியே வருவதும் முன்பக்கமே ஆகிவிட்டது. அதனால் கடைசியில் இருக்கும் நான்காவது சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு. 2001-லிருந்து வந்த ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் வரும் அடைப்புத் தகடு) இதை ஓரளவு சரிசெய்தது. உங்களுடையது அந்த வகை. மலைப்பாதைக்கும் 6 பிஎஸ்ஐக்கும் நல்ல ரேடியேட்டரே போதும். டிராக்குக்கு என்றால் பின்பக்கத்திலிருந்து கூலன்ட்டை வெளியே எடுக்கும் மாற்றத்தையும் சேர்த்துச் செய்யுங்கள்.

சரி, எம்45-ஆ எம்62-ஆ என்ற கேள்வி வரும், பழைய எம்எக்ஸ்-5 கிட்கள் இரண்டிலும் கிடைக்கின்றன. எம்45 ஒரு சுற்றுக்குச் சுமார் 740 சிசி காற்றைத் தள்ளும். எம்62 சுமார் 1,000 சிசி. உங்கள் 1,839 சிசி இன்ஜின் ஒரு சுற்றுக்கு 920 சிசி குடிக்கும். இன்டர்கூலருடன் 6 பிஎஸ்ஐ வேண்டுமானால் எம்62 இன்ஜினை விடச் சுமார் 1.3 மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். எம்45 சுமார் 1.75 மடங்கு. 7,000 ஆர்பிஎம்மில் ஒன்று 9,000 பக்கம் நிற்கும், மற்றது 12,000-ஐத் தாண்டும். ஒரே வேலைக்குச் சின்னதை விரட்டுவதை விடப் பெரியதை நிதானமாக ஓட்டுவது மேல். சூடு குறையும், பேரிங் நீடிக்கும். கிட் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: எந்தப் புல்லியில், எத்தனை ஆர்பிஎம்மில், எவ்வளவு பூஸ்ட். குதிரைத்திறனை மட்டும் சொல்லி இதைச் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. சூப்பர்சார்ஜர் கிட் என்றால் எல்லோரும் பளபளவென்று இருக்கும் அந்த அலுமினியப் பெட்டியைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அது கிட்டில் பாதிகூட இல்லை. கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலும், அதற்கேற்ற ஸ்பார்க் நேரமும் கொடுக்கும் பகுதிதான் கிட்டின் உயிர்.

இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். பல வருடம் முன் என் இரண்டாவது காருக்கு, அது 1.6 லிட்டர் ஹேட்ச்பேக், ஒரு பழைய கிட் வாங்கினேன். அதில் புதிய இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பகுதி) இல்லை, இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றமும் இல்லை. பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றிவிடும் ஒரு ரெகுலேட்டர் மட்டும் இருந்தது. குளிர்ந்த மாதங்களில் அருமையாக ஓடியது. வெயில் காலத்தில் ஒரு நீண்ட ஏற்றத்தில், மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தபடி போகும்போது கலவையில் பெட்ரோல் குறைந்து, நாக்கிங் ஆரம்பித்தது. பாட்டுச் சத்தத்தில் அது எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள விளிம்பு உடைந்துபோனது. இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கிட்டின் சூப்பர்சார்ஜரில் ஒரு குறையும் இல்லை. பெட்ரோல்தான் போதவில்லை.

உங்கள் காரில் அந்தப் பழைய ரெகுலேட்டர் வழி சுலபமாக அமையாது, அது நல்லதுக்கே. இந்த வருட மாடலில் பெட்ரோல் திரும்பிப் போகும் குழாய் கிடையாது, அழுத்தத்தை டேங்க்குக்குள்ளேயே நிர்ணயித்துவிடுகிறார்கள். எனவே பெரிய இன்ஜெக்டர், முறையான இசியூ டியூன் என்று போவதுதான் வழி. எவ்வளவு பெரிய இன்ஜெக்டர்? பெல்ட் தின்னும் சக்தியையும் சேர்த்து இன்ஜின் 190 குதிரைத்திறன் தயாரிக்கும் என்று வைப்போம். பூஸ்டில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 270 கிராம் பெட்ரோல் என்று தாராளமாகக் கணக்கிட்டால் மொத்தம் 51 கிலோ. நான்கால் வகுத்தால் ஒன்றுக்கு 12.8 கிலோ. இன்ஜெக்டர் 80 சதவீத நேரம்தான் திறந்திருக்க வேண்டும் என்ற வரம்பு வைத்தால் 16 கிலோ, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 360 சிசி. 400-லிருந்து 450 சிசி வரை எடுத்தால் கொஞ்சம் இருப்பும் இருக்கும். மிகப் பெரியதை வாங்கினால் ஐட்லிங் தடுமாறும்.

பெல்ட் எவ்வளவு தின்னும் என்று நீங்கள் கவலைப்பட்டிருந்தீர்கள். இந்த அளவில் உச்ச ஆர்பிஎம்மில் முழுதாக மிதிக்கும்போது 10, 12 குதிரைத்திறன்தான். சாதாரணமாக ஓட்டும்போது பைபாஸ் வால்வு திறந்து காற்று சுற்றிக்கொண்டே இருப்பதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆகவே பைபாஸ் வால்வு இல்லாத பழைய கிட் கிடைத்தால் தொட வேண்டாம். கடைசியில் உங்கள் கைக்கு வருவது சுமார் 175 குதிரைத்திறன். 1,100 கிலோவுக்குள் இருக்கும் காருக்கு அது தாராளம்.

டியூன் விஷயத்தில், கிட்டோடு வரும் பொதுவான மேப் (இசியூவுக்கான அமைப்பு அட்டவணை) காரை ஒர்க் ஷாப் வரை ஓட்டிப் போக மட்டும் உதவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு டைனோவில் (இன்ஜின் தரும் சக்தியை அளக்கும் கருவி) உங்கள் காருக்கென்று டியூன் செய்ய வேண்டும். பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5-க்கும் 12-க்கும் இடையில் இருக்கட்டும். மெகாஸ்குயர்ட் போன்ற தனி இசியூ இந்த இன்ஜினில் நன்கு பழகிய வழி. அதோடு 1 பாருக்கு (ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்) மேலும் படிக்கும், காற்றழுத்தத்தை அளக்கும் மேப் (MAP) சென்சாரும் வேண்டும். இந்த விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரையும் அதன் மீட்டரையும் நிரந்தரமாகவே பொருத்துங்கள். மஸ்டாங்கில் உங்களிடம் அது இல்லை என்று எழுதியிருந்தீர்கள்; அதிலும் போடுங்கள். எப்போதும் கிடைக்கும் பெட்ரோலை ஊற்றியே டியூன் செய்யச் சொல்லுங்கள், அரிதாகக் கிடைக்கும் உயர்ந்த ஆக்டேனை ஊற்றி அல்ல. ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ச்சியான வகை, இடைவெளி 0.8 மில்லிமீட்டர் போல. 1.1-லேயே விட்டால் பூஸ்டில் தீப்பொறி அணைந்து, டியூனில் கோளாறு என்று தேடி அலைய நேரும்.

இப்போது இன்ஜின் சோதனை. 1,40,000 கிலோமீட்டர் இந்த இன்ஜினுக்குப் பெரிய வயதல்ல, ஆனால் முந்தைய உரிமையாளர் எப்படி ஓட்டினார் என்பது நமக்குத் தெரியாது. சூடான இன்ஜினில், ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யுங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. அப்புறம் லீக்டவுன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் செலுத்திய காற்று எவ்வளவு கசிகிறது என்ற சோதனை. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 20-ஐ நெருங்கினால் கிட்டை மறந்துவிட்டு அந்தப் பணத்தை இன்ஜினில் போடுங்கள். கிராங்க் புல்லியின் நடுவே உள்ள ரப்பர் வளையத்தையும் கூர்ந்து பாருங்கள். இருபது வருட ரப்பர் வெடித்திருந்தால், சூப்பர்சார்ஜர் பெல்ட்டின் பாரத்தில் வெளிவளையம் வழுக்கும். பார்ப்பதற்கு பெல்ட் வழுக்குவது போலவே இருக்கும், பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். கிளட்ச் பழையதென்றால் 6 பிஎஸ்ஐயில் மேல் கியரில் வழுக்க ஆரம்பித்துவிடும். எப்படியும் மாற்ற வேண்டியதுதான். கியர்பாக்ஸில் உங்களுக்கு அதிர்ஷ்டம், ஆறு கியர் பெட்டி ஐந்து கியரை விட உறுதி.

இது இரண்டாவது கார் என்பதில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் இருக்கின்றன. வசதி, அவசரம் கிடையாது. இன்ஜெக்டரும் இசியூவும் முதலில் போட்டு, பூஸ்ட் இல்லாமலேயே ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். எல்லாம் சரியாக இருந்தால் பிறகு சூப்பர்சார்ஜரை ஏற்றலாம். தினமும் அலுவலகம் போக வேண்டிய காரில் இந்த நிதானம் வாய்க்காது. இப்படிச் செய்தால் கோளாறு எங்கிருந்து வந்தது என்பது உடனே தெரிந்துவிடும். தொல்லை, அது நாள்கணக்கில் நின்றுகொண்டே இருக்கும். பெட்ரோல் பழசாகும், எத்தனால் கலந்ததென்றால் ஈரமும் இழுக்கும். இரண்டு மாதம் நின்ற பெட்ரோலோடு கிளம்பியவுடனே பூஸ்டில் மிதிக்காதீர்கள். புதிதாக ஊற்றிக் கலந்த பிறகு மிதியுங்கள். ஐந்து நிமிட ஓட்டத்துக்காக ஸ்டார்ட் செய்து அணைப்பதும் வேண்டாம், ஆயிலில் ஈரம் சேரும். எடுத்தால் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள்.

பழைய கிட் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கையால் புல்லியைச் சுற்றிப் பாருங்கள். சீராகச் சுற்ற வேண்டும், உரசும் சத்தம் வரக்கூடாது. ஐட்லிங்கில் மட்டும் கடகடவென்று வந்து, மிதித்ததும் மறைந்தால் பெரும்பாலும் முன்பக்கக் கப்ளர் (புல்லியை உள்பகுதியோடு இணைக்கும் துண்டு). அது சின்னச் செலவு. ரோட்டர்களின் பூச்சு உரிந்திருந்தாலோ, ஒன்றோடொன்று உரசிய தடம் இருந்தாலோ வேண்டாம். சூப்பர்சார்ஜரின் கியர் பெட்டி ஆயிலை இறக்கிப் பாருங்கள், அதில் மினுக்கும் உலோகத்தூள் இருந்தால் பேரிங் போய்விட்டது. தாங்கிகள் (பிராக்கெட்), டென்ஷனர், போல்ட்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பொருத்தும் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். விட்டுப்போன ஒரு தாங்கியைத் தனியாகச் செய்ய வைத்து, அது அரை மில்லிமீட்டர் கோணலாக வந்தால் பெல்ட் தெறித்துக்கொண்டே இருக்கும். உங்கள் ஊரின் புகைச் சோதனை விதியும் காப்பீடும் இந்த மாற்றத்தை ஏற்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

லீக்டவுன் முடிந்ததும் நான்கு சிலிண்டரின் எண்களையும், அந்தப் பழைய கிட்டின் இரண்டு புல்லிகளின் விட்டத்தையும் அளந்து எழுதுங்கள். இன்டர்கூலர் சேர்த்த பிறகு அந்தப் புல்லியிலேயே 6 பிஎஸ்ஐ வருமா, ஒரு படி சின்னது வேண்டுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.